மண்ணைத் தவிர அங்க என்ன கிடக்கு? பாலைவனத்து உயிர்கள் பற்றி ஊரில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

ஒன்பது வருடம் அபுதாபியின் உள்பக்கம், லிவாவுக்கு அந்தப்புறம், தண்ணீர் பவுசர் ஓட்டினேன். இப்போது கல்முனையில்தான் இருக்கிறேன். தேத்தண்ணிக் கடையிலும் கலியாண வீட்டிலும் கோயில் வீதியிலும் யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்பார்கள், நானும் அதே பதிலைச் சொல்லுவேன். வாய் நொந்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பாதி கண்ணால் கண்டது, மீதி கண்ட பிறகு ஆவல் அடங்காமல் தேடி வாசித்தது.

மச்சான், மண்ணையும் ஒட்டகத்தையும் விட்டா அங்க வேறென்ன கிடக்கு?

முதல் நாலைந்து மாதம் நானும் இதைத்தான் நினைத்தேன். பகல் முழுக்க ஓடுவேன், ஒரு காக்கை கூடக் கண்ணில் படாது. அப்புறம் என் பவுசரின் பின்பக்கக் குழாய் வாசர் தேய்ந்து சொட்டத் தொடங்கியது. வேலைத்தளத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தால் இரவு முழுக்க சொட்டு சொட்டாக விழும். காலையில் சுப்பவைசர் ஏசுவதற்கு முன் திருத்துவோம் என்று ஐந்து மணிக்கு எழும்பிப் போய்ப் பார்த்தால், அந்தச் சட்டியளவு ஈரத்தைச் சுற்றி மண் முழுக்க அடிச்சுவடு. நரியின் கால். இரண்டிரண்டாகக் குதித்துப் போன எலியின் கால். வால் இழுபட்ட கோடு, அதன் இரண்டு பக்கமும் பல்லிக் கால். தையல் போட்ட மாதிரி வண்டின் பாதை, அது எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிறது. எங்கள் ஊர்ச் சந்தை கலைந்த பிறகு நிலம் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு மணித்தியாலத்தில் காற்று அடித்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

அதற்குப் பிறகு வாசரை மாற்றினாலும் ஒரு போத்தல் தண்ணீரைப் பழைய மூடியொன்றில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் படுப்பேன். காலையில் யார் யார் வந்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு அங்கே பேப்பர் படிப்பது.

அப்போ பகலில் எல்லாம் எங்கே போகுது?

கீழே. நம் கடற்கரையில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், ஒரு நண்டும் வெளியே இருக்காது, எல்லாம் வளைக்குள். அங்கேயும் அதே யுக்திதான். கோடையில் மேல்மண் 60, 70 பாகை செல்சியஸ் வரை சுடும், ஆனால் முழங்கையளவு தோண்டினால் சூடு பாதியாகிவிடும், இன்னும் ஆழத்தில் ஈரப்பதமும் கொஞ்சம் இருக்கும். அதனால் நரி, எலி, மணற்பூனை எல்லாமே வளைக்குள் தூங்கிவிட்டு இருட்டியதும் வேலைக்கு வரும். நாங்கள் பகல் ஷிப்ட், அவை இரவு ஷிப்ட். இரண்டு தரப்பும் சந்திப்பதே இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சகாராவில் ஒரு வெள்ளி நிற எறும்பு இருக்கிறது. மற்ற உயிர்களெல்லாம் ஒளிந்துகொள்ளும் உச்சி வெயிலில்தான் அது வெளியே வரும், அதுவும் ஒரு பத்து நிமிடம் போல. ஏன் என்றால் அதைப் பிடித்துத் தின்னும் பல்லி அந்தச் சூட்டில் வெளியே வராது, வெயிலில் விழுந்து செத்த பூச்சிகளோ அப்போதுதான் நிறையக் கிடக்கும். உடம்பு 53 பாகையைத் தாண்டினால் எறும்பும் செத்துவிடும், ஆகவே ஓட்டம்தான். ஒரு செக்கனில் தன் உடம்பு நீளத்தைப் போல 108 மடங்கு ஓடுகிறது என்று 2019 இல் அளந்திருக்கிறார்கள். மேலே உள்ள முக்கோண வடிவ மயிர்கள் வெயிலைத் திருப்பி அடிக்கின்றன, வெள்ளி நிறம் அதனால்தான்.

அதன் சொந்தக்கார எறும்பு ஒன்று அடி எண்ணி வீடு திரும்புகிறது. நம்ப மாட்டீர்கள். 2006 இல் வெளிவந்த ஆராய்ச்சியில், இரை தேடி வந்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிக் காலை நீளமாக்கிவிட்டிருக்கிறார்கள். திரும்பும்போது அவை வழக்கமான எண்ணிக்கை அடி வைத்துப் புற்றைத் தாண்டிப் போய் நின்று தேடியிருக்கின்றன. காலைக் குட்டையாக்கிய எறும்புகள் பாதி வழியிலேயே நின்றுவிட்டன.

பாலைவனம் என்றால் முழுக்க மணல்தானே?

இல்லை. மழைதான் கணக்கு. வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெய்தால் பாலைவனம் என்பது பொதுவான அளவுகோல். மட்டக்களப்பில் 1,600க்கு மேல் பெய்கிறது, அபுதாபியில் 100 கூட இல்லை. சகாராவிலேயே கால்வாசிதான் மணல், மீதி கல்லும் பாறையும் சரளையும். இந்தக் கணக்கில் உலகின் பெரிய பாலைவனம் அந்தாட்டிக்கா, அது வேறு கதை. இன்னொன்று, பாலைவனம் என்ற சொல்லிலேயே வனம் இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. நம் பக்கத்தில் பாலை என்றால் தெருவோரம் கூறு கட்டி விற்கும் பாலைப்பழம்தான் ஞாபகம் வரும், அது இன்னும் வேறு கதை.

ஒட்டகம் முதுகில்தானே தண்ணீர் வைத்திருக்கிறது?

இதைக் கேட்காத ஆளே கிடையாது. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. கொழுப்பை உடம்பு முழுக்கப் பரப்பி வைத்தால் போர்வை போர்த்தின மாதிரி சூடு வெளியே போகாது, அதனால் ஒரே இடத்தில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் அதன் கெட்டித்தனம் வேறு. நமக்கு உடம்பு 37 பாகையில் நிற்க வேண்டும், ஒரு பாகை கூடினாலே பரசிற்றமோல் தேடுவோம். ஒட்டகம் காலையில் 34இல் தொடங்கி மாலையில் 40 வரை ஏறவிடும், அவ்வளவு நேரமும் வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல். உடம்பு நிறையில் கால்வாசியைத் தண்ணீராக இழந்தும் நடக்கும். பிறகு தொட்டியைக் கண்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 100 லீற்றர் உள்ளே போகும். வேறு மிருகம் அப்படிக் குடித்தால் இரத்தக் கலங்கள் ஊதி வெடித்துவிடும், ஒட்டகத்தின் இரத்தக் கலங்கள் நீள்வட்டமானவை, ஊதினாலும் தாங்கும். நான் பவுசரிலிருந்து தொட்டிக்கு விட்டுக்கொண்டிருக்கும்போதே மட்டம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஏறுவதற்குப் பதிலாக.

அரேபியாவில் காட்டு ஒட்டகம் கிடையாது. எவ்வளவு தனியாகத் திரிந்தாலும் அதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், இடித்துவிட்டால் தெரியும். உண்மையான காட்டு ஒட்டகம் கோபிப் பாலைவனத்தில் இருக்கும் இரட்டைத் திமில் இனம். ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம். அது உப்புத் தண்ணீரையும் குடிக்கும்.

மாமா, தண்ணியே குடிக்காம ஒரு மிருகம் எப்படி வாழும்?

இது தரம் எட்டில் படிக்கும் என் அக்காவின் மகள் கேட்டது. நல்ல கேள்வி, அதனால் பதிலும் நீளும்.

ஒரு வழி, சாப்பாட்டிலிருந்தே தண்ணீர் செய்வது. விறகு எரிந்தால் புகையோடு நீராவியும் வரும் இல்லையா, அது மாதிரி உடம்புக்குள் உணவு எரியும்போதும் கொஞ்சம் தண்ணீர் உண்டாகும். அமெரிக்கப் பாலைவனங்களில் இருக்கும் கங்காரு எலி காய்ந்த விதைகளை மட்டும் தின்று அந்தத் தண்ணீரிலேயே சீவிக்கிறது. சிறுநீர் மிகச் செறிவாக, சொட்டளவுதான். என் பவுசரடியில் குதித்துப் போனது ஜெர்போவா, அதுவும் பின்னங்காலில் குதிக்கும் எலிதான், ஆனால் இரண்டும் நெருங்கிய சொந்தமில்லை. வேறு வேறு கண்டத்தில் ஒரே பிரச்சினைக்கு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. மணற்பூனையோ தன் இரையின் இரத்தத்திலும் இறைச்சியிலும் உள்ள நீரைக் கொண்டே நாட்கணக்கில் சமாளிக்கும். பாதத்துக்கு அடியிலும் அதற்கு மயிர், சுடாது, சுவடும் சரியாக விழாது.

இன்னொரு வழி, பனி. நமீபியாவின் கரையோரப் பாலைவனத்தில் மழை அரிது, கடலிலிருந்து மூடுபனி வரும். அங்கே ஒரு கறுப்பு வண்டு விடியற்காலையில் மணல்மேட்டின் முகட்டுக்கு ஏறி, காற்றைப் பார்த்துத் தலைகீழாக நிற்கும். முதுகில் பனி படிந்து துளியாகி வழிந்து வாய்க்கு வரும். அவுஸ்திரேலியாவில் முட்பல்லி ஒன்று இருக்கிறது, ஈரமணலில் நின்றாலே போதும், தோலில் உள்ள நுண்ணிய கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் ஏறி வாய்க்கு வந்துவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது கல்கௌதாரி. ஏன் என்றால் அதுவும் பவுசர்க்காரன்தான். குஞ்சுகள் பறக்க முடியாமல் வெட்டவெளியில் கிடக்கும், தண்ணீர் 20, 30 கிலோமீற்றர் தள்ளி இருக்கும். ஆண் பறவை காலையில் பறந்து போய்க் குளத்தில் வயிறு நனைய நின்று, வயிற்று இறகுகளில் தண்ணீரை ஊற வைத்துக்கொண்டு திரும்பி வரும். அந்த இறகுகளின் அமைப்பே அதற்கென்று சுருண்டிருக்கும், பஞ்சு மாதிரிப் பிடிக்கும். குஞ்சுகள் ஓடிவந்து தகப்பனின் வயிற்றை உறிஞ்சிக் குடிக்கும். 1896 இல் ஒருவர் இதைக் கண்டு எழுதியபோது பலர் நம்பவில்லை, 1967 இல்தான் பாலைவனத்திலேயே இருந்து பார்த்து உறுதிப்படுத்தினார்கள். வழியில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். என் பவுசரிலும் கொஞ்சம் சொட்டித்தான் போகும், கணக்கில் எழுதுவதில்லை.

அறபிகள் உடும்பு தின்பார்களாமே?

என்னோடு ஒரே அறையில் இருந்த மருதமுனைக்காரர் இதற்கு எனக்கு வகுப்பே எடுத்தார். அரபியில் "ளப்" என்று சொல்லும் பிராணியைத் தமிழில் உடும்பு என்று மொழிபெயர்க்கிறார்கள். ஹதீஸிலும் வரும்: காலித் பின் வலீத் அதைச் சாப்பிட்டார், நபிகள் தமது ஊரில் இல்லாத உணவு என்பதால் சாப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் நாம் வயல் வரம்பில் காணும் உடும்பு வேறு, அது இறைச்சி, முட்டை, நண்டு எல்லாம் தின்னும். ளப் இலை தழை தின்னும் பிராணி. வால் முழுக்க வளையம் வளையமாக முள், வளைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாலால் அடிக்கும். காலைக் குளிரில் கருமையாக இருந்து வெயிலை வாங்கும், சூடேறியதும் வெளிறிவிடும். அதிகப்படி உப்பை மூக்கால் வெளியேற்றும், மூக்குத் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பதை நானே கண்டிருக்கிறேன்.

தின்று பார்த்தாயா என்பது அடுத்த கேள்வி. இல்லை.

பாலைவனத்தில் மீன் இருக்கா?

சிரிக்க வேண்டாம், இரண்டு விதத்தில் இருக்கிறது. மணல்மீன் என்று ஒன்று, உண்மையில் நம் அரணையின் சொந்தம். துரத்தினால் மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிடும், ஓடுவது இல்லை, நீந்துவது. 2009 இல் எக்ஸ்ரே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்: உள்ளே போனதும் நாலு காலையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்துதான் போகிறது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்லி வளர்ந்தவனுக்கு மணலில் மீன் நீந்துவது ஒன்றும் அதிசயமாக இருக்கக் கூடாது, ஆனாலும் முதல் தடவை வாய் பிளந்து நின்றேன்.

உண்மையான மீனும் உண்டு. அமெரிக்காவின் நெவாடாப் பாலைவனத்தில் ஒரு பாறைக் குழி, அதற்குள் 33 பாகைச் சுடுதண்ணீர், அதில் விரல் நுனியளவு நீல மீன்கள். உலகத்தில் வேறெங்கும் அந்த இனம் இயற்கையாக இல்லை. 2013 இல் எண்ணியபோது 35 மட்டும் மிஞ்சியிருந்தது.

தவளை?

உண்டு. அரிசோனாப் பக்கத்தில் ஒரு தேரை வருடத்தில் எட்டு, பத்து மாதம் மண்ணுக்குள் கிடக்கும். மழை அடிக்கும் அதிர்வு கேட்டதும் மேலே வந்து, ஒரே இரவில் கத்தி, கூடி, முட்டையிட்டு, குட்டை வற்றுவதற்குள் வாற்பேத்தைகள் தவளையாகிவிட வேண்டும். முதல் மாரி மழைக்கு நம் வயலில் எழும் சத்தம் ஒரு மாதத்துக்கு நீளும், அவற்றுக்கு அந்த வசதி இல்லை.

கட்டார் பிளேனின் வாலில் இருக்கிற அந்த ஆடு என்ன ஆடு?

ஆடு இல்லை, அரேபிய ஓரிக்ஸ். மான் போன்ற வெள்ளை மிருகம், நீண்ட நேரான இரண்டு கொம்பு. பக்கவாட்டில் நின்றால் ஒற்றைக் கொம்பு மாதிரித் தெரியும்.

இதன் கதை ஒரு படம் பார்ப்பது போல. ஜீப்பும் தானியங்கித் துப்பாக்கியும் வருவதற்கு முன் வேட்டைக்காரன் ஒட்டகத்தில் போனான், ஓரிக்ஸுக்குத் தப்ப வழி இருந்தது. பிறகு இல்லை. 1962 இல் இது அழியப் போகிறது என்று தெரிந்து சிலவற்றைப் பிடித்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள், வேறு இடங்களிலிருந்தும் சேர்த்து ஒன்பது மிருகத்தோடு ஒரு மந்தை தொடங்கியது. 1972 இல் காட்டில் கடைசியாக மிஞ்சியிருந்தவையும் ஓமானில் போயின. உலகத்தில் வெளியே ஒன்று கூட இல்லை. பத்து வருடம் கழித்து, 1982 இல், வளர்த்தவற்றைத் திரும்ப ஓமான் பாலைவனத்தில் விட்டார்கள். 2011 இல் அபாயப் பட்டியலில் ஒரு படி நல்ல இடத்துக்கு வந்தது, காட்டில் முற்றாக அழிந்துபோன ஒரு இனம் அந்தளவுக்கு மீண்டது அதுதான் முதல் தடவை.

எல்லாம் இனிப்பில்லை. ஓமானின் சரணாலயத்தில் 1996 இல் 450 இருந்தது, களவு வேட்டையால் 65க்கு இறங்கியது, சரணாலயப் பரப்பையும் பத்தில் ஒன்பது பங்கு குறைத்தார்கள். 2007 இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலிலிருந்து ஒரு இடத்தை முதன்முதலாக வெட்டியது, அது இந்த இடம்தான்.

நான் கண்டது ஒரு தடவை, வேலியிட்ட காப்பகத்தின் ஓரத்தில், மாலை நேரம். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆட்கள் தூரத்தில் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மரமே இல்லாத இடத்தில் இதெல்லாம் எதைத் தின்னும்?

மரம் இருக்கிறது. அங்கே காஃப் என்பார்கள், 2008 இல் எமிரேற்றின் தேசிய மரமாக்கினார்கள். நானும் ஒன்பது வருடம் காஃப், காஃப் என்று சொல்லி அதன் நிழலில் சோறு தின்றுவிட்டு, ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன், அது நம் வன்னி மரம். ஆமாம், பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் போகும்போது ஆயுதங்களை ஒளித்து வைத்த அதே வன்னி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் வனவாசமும் தீமிதிப்பும் பார்த்து வளர்ந்தவன் நான், அந்த மரத்தடியில் இருந்துகொண்டே அதைத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வேரை மிக ஆழத்துக்கு விட்டு நிலத்தடி நீரைத் தொடும். ஒட்டகமும் மானும் இலையைத் தின்னும், பறவை கூடு கட்டும், நரி அடியில் வளை தோண்டும். இராஜஸ்தானில் இதே மரம் கேஜ்ரி. 1730 இல் அரசனின் ஆட்கள் வெட்ட வந்தபோது பிஷ்னோய் சனங்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்று 363 பேர் வெட்டுப்பட்டார்கள். இன்றும் அவர்கள் ஊர்களில் மான்கள் பயமில்லாமல் வாசலுக்கு வரும்.

காத்தான்குடி வீதியில் நிற்கும் பேரீச்சையைக் காட்டி "இதுவும் பாலைவன மரம்தானே" என்பார்கள். சரிதான், ஆனால் அதற்கு வேரில் தண்ணீர் வேண்டும், சோலையில்தான் நிற்கும். வன்னியின் தைரியம் அதற்கில்லை.

யானை, சிங்கம் இருக்க வாய்ப்பே இல்லையே?

அரேபியாவில் இப்போது இல்லை. நமீபியாவின் வடமேற்கில் இரண்டும் பாலைவனத்தில் இருக்கின்றன. யானை காய்ந்த ஆற்று மணலைக் காலாலும் துதிக்கையாலும் தோண்டி ஊற்று எடுக்கும், பிறகு அந்தக் குழியில் மற்ற மிருகங்களும் குடிக்கும். தனி இனம் இல்லை, ஆபிரிக்க யானைதான், பழக்கம்தான் வேறு.

அந்தச் சூட்டில் நிறையச் சாகும் என்ன?

சூட்டில் சாவதை விட நம் கையால் சாவதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. நாங்கள் எறியும் ஷொப்பிங் பை காற்றில் பறந்து முள்ளில் மாட்டிக்கொள்ளும், அசையும், ஒட்டகம் இலை என்று தின்னும். வயிற்றில் கரையாது, ஒன்றோடொன்று சுற்றிக் கல்லாகிவிடும், பிறகு பசியே எடுக்காது. டுபாயில் மிருக வைத்தியர்கள் 2008 முதல் பரிசோதித்த 30,000 ஒட்டகங்களில் 300 அளவில் இப்படிப் பிளாஸ்ரிக் கட்டியோடு இருந்திருக்கின்றன. ஒரு கட்டி 64 கிலோவுக்குக் கிட்ட. ஒரு ஆளின் நிறை.

இதை வாசித்தபோது எனக்கு அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேடுதான் ஞாபகம் வந்தது. அங்கே யானைகள் குப்பை கிளறித் தின்று, எட்டு வருடத்தில் 20 யானை அளவில் செத்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. வெட்டிப் பார்த்தால் அதே பைதான். அந்தப் பக்கம் ஒட்டகம், இந்தப் பக்கம் யானை, இடையில் கடைக்காரன் கொடுக்கும் பை ஒன்றுதான். நானும் எறிந்தவன்தான், சொல்லாமல் விட்டால் சரியில்லை.

பாம்பு, தேள் பயமில்லையா?

பயம்தான். கொம்பு விரியன் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். அது போன பாதை பக்கவாட்டாக, ஏணிப்படி போல வெட்டு வெட்டாகத் தெரியும், அதைக் கண்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். தேளுக்கு ஒரு வழி இருக்கிறது: கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா வெளிச்ச டோர்ச் அடித்தால் பச்சையும் நீலமுமாக மின்னும். ஒரு இரவு எங்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் அடித்துப் பார்த்து ஏழு எண்ணினேன், அதற்குப் பிறகு இரண்டு நாள் போத்தல்தான்.

அங்கே வேலைக்குப் போகிற தம்பிமாருக்கு: வளைக்குள் கை விடாதீர்கள், கல்லை உங்கள் பக்கமாகப் புரட்டாதீர்கள், காலையில் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். நான் ஊருக்கு வந்து மூன்று வருடமாகிறது, இன்னும் வாசலில் இருந்து செருப்பைத் தட்டித்தான் போடுகிறேன். மனைவி ஆரம்பத்தில் சிரித்தாள். போன மாரியில் அவளுடைய செருப்புக்குள் ஒரு குட்டித் தவளை இருந்தது, இப்போது அவளும் தட்டுகிறாள்.